கொசுறு எழுத்துகள்

ஓர் எழுத்தின் விலை எழுபத்தைந்து என்று முடிவானது. கடைக்காரி நூறு சொன்னாள். மாப்பிள்ளை ஐம்பதில் நின்றார். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி இறங்கி வந்தார்கள். விலையே போட முடியாத சரக்குக்கும் பேரம் என்று உட்கார்ந்துவிட்டால் நடுவில் ஓர் இடம் கிடைக்கத்தான் செய்கிறது.

"அவ பேருக்கு மொத்தம் நாலு எழுத்து. அது போதும்," என்றார் மாப்பிள்ளை. "அஞ்சாவது வேண்டாம், தங்கச்சி."

"கையெழுத்துதானே? கைநாட்டு ஆகாதா?"

"கைநாட்டுன்னா, படிச்சுக் காட்டாம ஏமாத்தி வாங்கிட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கிளம்புவான். கையெழுத்துன்னா, படிச்சுப் பார்த்துப் போட்டதா அர்த்தம்."

கடைக்காரிக்கு அன்றைக்கு அது சாமர்த்தியமாகத்தான் பட்டது. கடையின் முன்பக்கம் நகல் எடுக்கும் இயந்திரம், நோட்டு, பேனா. திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சும் கரும்பலகையும். பதினொரு வருஷமாக அந்தப் பெஞ்சில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மாப்பிள்ளை என்றால் தெருவுக்கே மாப்பிள்ளை: இரும்புக் கடைப் பெரியவரின் ஒரே மகளைக் கட்டியவர், மகள் செத்து மூன்று வருஷமாகியும் மாமனார் வீட்டை விட்டு நகராதவர். படுக்கையில் விழுந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ள அவர் அமர்த்திய ஆள்தான் மாணவி. வேலைக்குச் சேர்க்கும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி: படிக்கத் தெரியுமா? கூசிக்கொண்டே தெரியாது என்றாளாம். அங்கேயே சம்பளத்தைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்துக்கொண்டாராம்.

நாலு எழுத்துக்குக் கடைக்காரி மூன்று வாரம் தவணை வாங்கினாள். அவளுடைய அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கொசுறு இல்லாமல் அவர் கடைப்படியை யாரும் இறங்கியதில்லை. அந்தப் புத்தி இவளுக்கும் இருந்தது. பேர் எழுதிப் பழகிய கையோடு, தினம் ஓர் எழுத்து கொசுறு.

முதல் வாரம் மாணவி எழுத்துகளைப் பானை அடுக்குகிற மாதிரி தனித்தனியாக வைத்தாள். "ப. ட. ம்."

"என்ன வந்துச்சு?"

"ப, ட, ம்தான் வந்துச்சு."

"மூணு பேரும் ஒரே வீட்டுக்காரங்கக்கா. இப்படிச் சண்டைக்காரங்க மாதிரி நிக்க வச்சா எப்படி? முதல் சத்தம் அடங்குறதுக்குள்ள அடுத்ததைத் தொட்டுடணும். நடுவுல மூச்சு விடாதீங்க."

"மூச்சு விடாம இருந்தா பெரியவருக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

எட்டாம் நாள் சேர்ந்துகொண்டது. ப-வும் ட-வும் ம்-மும் ஒரே மூச்சில் படமாயின. அதற்குப் பிறகு அவள் உதடு சும்மா இருக்கவில்லை. சோப்பு உறை, பஸ் பலகை, கடைப்பெயர், எதைப் பார்த்தாலும் அசைந்தது. புதிதாகக் கூட்டத் தெரிந்தவர்களின் உதடு அப்படித்தான். அடங்க ஒரு வருஷமாவது ஆகும். பார்க்கக் கடைக்காரிக்குப் பிடிக்கும்.

மூன்றாம் வாரம் முடிகிற புதன்கிழமை, மாணவி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நீல மையில் எழுத்துகள், கோலி உருட்டிவிட்ட மாதிரி கோணல்மாணலாக.

"நான் கையெழுத்துப் போடப்போற தாள்ல இருந்துச்சு. மாப்பிள்ளை போன் பேச வெளிய போனப்போ பார்த்து வரைஞ்சேன். அதுக்குள்ள வெள்ளிக்கிழமை தேதியே போட்டு வச்சிருக்கார். நம்பர் எனக்குத் தெரியுமே."

"சம்பளத் தாளா இருக்கும். கூட்டுங்க."

"ம... ரு... மரு... ந்... தை. மருந்தை."

எழுத்துக் கூட்டுகிறவருக்கு வார்த்தை கடைசியில்தான் வரும். பக்கத்தில் இருந்து கேட்கிறவளுக்கு முன்பே வந்துவிடும். கற்பவரின் சந்தோஷத்தைத் தட்டிப் பறிக்கக் கூடாது என்று பதினொரு வருஷமாக நாக்கைக் கடித்துக்கொண்டு பழகியவள் கடைக்காரி. அன்று கடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. நாக்கு தானாகவே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மா... ற்... றி... க். கொ... டு... த்... த... து." விரல் மணிக்கட்டை நோக்கி நகர்ந்தது. "நா... ன்... தா... ன்." பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, நடுவில் மூச்சு விடாமல் மொத்தத்தையும் சேர்த்தாள். "மருந்தை மாற்றிக் கொடுத்தது நான்தான்."

முதல் முறையாக ஒரு முழு வரி. அந்தச் சிரிப்பு முகத்தில் போக மறந்து கொஞ்ச நேரம் நின்றது.

"நான் எதையும் மாத்திக் கொடுக்கலையே."

"பெரியவர் எப்படி இருக்கார்?"

"காலைல முழு டம்ளர் பால் குடிச்சார். ஆறிப்போச்சுன்னு என்னைத் திட்டினார். நல்லாத்தான் இருக்கார்."

"வேற என்ன இருந்துச்சு தாள்ல?"

"வரியோட முதல்ல 'நேற்று'ன்னு. அதை அங்கேயே கூட்டிட்டேன்."

வெள்ளிக்கிழமைக்கு நேற்று, வியாழன். வியாழன், நாளை.

"இப்படியே ஊருக்குப் பஸ் ஏறிடுங்கக்கா."

"நான் போயிட்டா அவருக்கு யாரு இருக்கா? நாளைக்குக் காலைல டாக்டர் வர்ற நாள். அவர்கிட்ட சொல்லிடறேன். அதுவரைக்கும் பாட்டிலை வாசிச்சுட்டு, என் கையால மட்டும்தான் கொடுப்பேன்."

கடைக்காரி அவளை இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கையை இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினாள். பச்சை வெளிச்சம் விரல்களுக்கு அடியில் ஊர்ந்து போனது. கை வெளியே வந்தது, காகிதத்தில், ரேகையும் வரியுமாக. அதை மடித்துக் கல்லாவில் போட்டபோது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மாணவி எச்சில் தொட்டு உள்ளங்கையைப் புடவையில் தேய்த்தாள்.

"சரக்கு தயாரா தங்கச்சி?" என்றபடி மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

மாணவி நோட்டில் நாலு எழுத்தையும் போட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டினார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, சுவரைக் காட்டினார். 'படம் எடுக்கப்படும்' என்று அங்கே ஒட்டியிருந்தது.

"அது என்னம்மா போட்டிருக்கு?"

"தெரியாதுங்களே."

கண்ணைப் பார்ப்பார் என்று கடைக்காரி நினைத்தாள். அவர் உதட்டைப் பார்த்தார். ப-வுக்கு உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. ட-வில் ஒன்றும் தெரியவில்லை. ம்-மில் மறுபடி வந்து ஒட்டின.

"நாலுக்குத்தானே பேசினோம்?" என்றார், அவளிடமிருந்து பார்வையை எடுக்காமல்.

"நாலுதான்."

"கொசுறு எதுவும் போடலையே?"

"இந்த வியாபாரத்துல கொசுறு ஏதுண்ணே."

முன்னூறை எண்ணி மேஜையில் வைத்தார். ஐந்து குறைத்துக்கொள்ளச் சொல்லி இழுக்கவில்லை. எதிலும் இழுக்காமல் விடாத மனுஷன். "வாம்மா, போகலாம். நாளைக்கு டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டேன், பெரியவர் நல்லாத்தானே இருக்கார். இன்னைக்கு ராத்திரியிலிருந்து மருந்தும் நானே கொடுத்துக்கறேன். நீ கொஞ்சம் ஓய்வெடு."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சத்தமில்லாமல் உதடு அசைந்தது, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக. இந்த முறை கூட்டிக்கொள்ள வேண்டியது கடைக்காரியின் வேலை. டா. க். ட. ர்.

பகல் பதினொரு மணிக்கு அவள் கதவை இழுத்துப் பூட்டினாள். காகிதக் கை இடுப்பில் இருந்தது. நடக்க நடக்க, அப்பாவின் வழக்கப்படி, வாய்க்குள்ளேயே கணக்கை முடித்தாள். விற்றது நாலு எழுத்து, பணம் வந்தாயிற்று. கொசுறு இருபத்தொன்று, அதற்கு வரவு கிடையாது. அதன் விலையை இன்றிரவு வேறொருத்தியிடம் வசூல் பண்ணப்போகிறார்கள். டாக்டர் வீட்டுக்கு இன்னும் மூன்று தெரு பாக்கி.