பூவரசு இலைக்குள் ஒரு பூச்சி

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குளிர்நாட்டுப் பாப்லர் மரத்து இலையைத் தின்று வளரும் சின்னஞ்சிறு அந்துப்பூச்சி ஒன்றைப் பற்றி எங்கோ படித்தேன். அதை வைத்துக் கதை எழுத ஆசை வந்தது.

'வெண்பனி கொட்டிய அந்தக் காலையில், பாப்லர் மரத்தடியில் அவள்—'

ஆவடியில் ஏது வெண்பனி? ஏது பாப்லர்? அடித்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருப்பது பூவரசு. அதன் இலையையும் ஒரு புழு சுருட்டித் தின்கிறது. அதுவும் அந்துப்பூச்சியாகிற புழுதான். போதும்.

2.
மரம் கிறிஸ்துதாஸ் வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் தொழிற்சாலையில் ஃபிட்டர், மனைவி இறந்தபின் தனியாள். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி தம்பி குடும்பத்தோடு இருந்துகொண்டு, அந்த வரிசைக்கே ரவிக்கை தைப்பவள்.*

"இன்னா சார், உங்க மரத்துப் புழு என் துணி மேல உய்து! நீங்க வெட்றீங்களா, நான் ஆள வெச்சு வெட்டவா?"

"வெட்ட வேண்டாம்மா. நானே பொறுக்கிடுறேன்."

மறுநாள் காலையிலிருந்து தினமும் ஸ்டூல் மேல் ஏறிச் சுருண்ட இலைகளைப் பறித்தார். அவள் கீழே நின்று கைகாட்டினாள். "அதோ, அந்தக் கெளைல ஒண்ணு கீது." போகப் போக அவள் கையில் டீயும் வந்தது.

(அவளை இன்னும் கோபக்காரியாக எழுத நினைத்தேன். முடியவில்லை. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.)

* ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்காதீர்கள். எனக்கும் சொன்னதில்லை.

3.
ஒருநாள் மரம் சுத்தமாகிவிட்டது. அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஒண்ணு கூடவா இல்ல?"

அவர் உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். ஒரே ஒரு சுருளை மட்டும் அதில் போட்டு வைத்திருந்தாராம். இப்போது உள்ளே மஞ்சள் இறக்கையில் பழுப்புக் கோடுகளோடு ஒரு பூச்சி.

"இம்மாத்தூண்டா! இதுக்கா சார் உங்கள அந்தப் பேச்சு பேசினேன்?"

மூடியைத் திறந்தாள். அது அவள் தோளில் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டுப் பறந்தது.

(பொய். நேராகப் பறந்துவிட்டது. தோள் என் ஆசை.)

4.
அந்த மாதமே அவர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இனிக் கோயம்புத்தூரில் மகள் வீடு.

ஒரு முடிவு: வண்டி கிளம்புகிறது, கதவுக்குப் பின்னால் அவள் அழு— அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

இன்னொன்று: அவரே வாய்விட்டுக் கேட்— அவரா? எங்கே!

நடந்தது இதுதான். சாமான் ஏற்றிய வண்டியருகே அவள் வந்து நின்றாள்.

"பக்கத்துல வெள்ளானூர்ல ஒரு ஊடு வாடகைக்கு கீதாம் சார்."

"அப்படியா?"

"தனியாளுக்குத் தர மாட்டாங்களாம்."

டிரைவர் ஹார்ன் அடித்தார். கிறிஸ்துதாஸ் அவள் பக்கம் திரும்பினார். பிறகு ஏதோ சொன்னார். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த எனக்கு அது கேட்டது. ஆனால் அவர் அதை எனக்குச் சொல்லவில்லையே. நான் எப்படி எழுத?

நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள். கொஞ்சம் நல்லதாகச் சொல்லுங்கள். அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள்.