படத்தில் இல்லாத நட்சத்திரம்

சூரியனைப் பிடித்து, கோயமுத்தூருக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் நடுவே அடங்குகிற உருண்டையாக அமுக்கினால் என்ன ஆகும்? நியூட்ரான் நட்சத்திரம் ஆகும். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தே யுவஸ்ரீயின் இருபதுகள் கழிந்தன.

வழிகாட்டி, பேராசிரியர் சீனிவாசலு. அந்த நட்சத்திரத்தின் நடுவில் நியூட்ரான்கள் வேறு துகள்களாக மாறிவிடும் என்று இளவயதில் ஒரு சமன்பாடு எழுதிப் பேர் வாங்கியவர். அந்தப் பேரிலேயே இன்றுவரை வண்டி ஓடுகிறது. அவரிடம் சேர்ந்தவர்கள் அவருடைய சமன்பாட்டைத்தான் சுமக்க வேண்டும், அது எழுதாத சட்டம்.

யுவஸ்ரீயும் சுமந்தாள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில், கணக்கையும் வானத்தில் அளந்த நட்சத்திரங்களையும் ஒரே படத்தில் வரைந்தபோதுதான் இடித்தது. அவர் கணக்குப்படி உள்ளே இருக்கும் பொருள் ரொம்பவும் இளக்கம். சூரியனைப்போல் ஒன்றரை மடங்கு எடைக்கு மேல் போனால் தாங்காது, நட்சத்திரம் இடிந்து கருந்துளையாகிவிடும். வானத்திலோ இரண்டு மடங்கு எடையோடு ஒன்று ஜம்மென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை அளந்தும் சொல்லிவிட்டார்கள்.

"சார், இது நம்ம கணக்கோட ஒத்துவரலைங்க. அதையும் எழுதிப்போடலாமுங்களா?"

"ஏங்கண்ணு, ஒரு நட்சத்திரத்துக்காக இத்தனை வருச உழைப்பக் குப்பையில கொட்டறதா? படத்துல இருந்து அதை எடுத்துப்போடு. அப்பறம் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

எடுத்துவிட்டாள். வேறென்ன செய்வாள்?

வாய்மொழித் தேர்வு நாளில் சால்வை, போண்டா, மைசூர்பாகு எல்லாம் வழக்கம்போல மாணவியின் பொறுப்பு. மதுக்கரையிலிருந்து அம்மா பாவாத்தாள் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். களையெடுத்தே மகளைப் படிக்கவைத்தவள். ஆங்கிலத்தில் நடந்தது ஒன்றும் புரியாவிட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் படத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். அந்தக் கனமான நட்சத்திரம் எங்கே, நீயாக விட்டாயா, யாராவது விடச் சொன்னார்களா என்று நேராகவே கேட்டார்.

சீனிவாசலு கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து அவர் பேரைச் சொன்னால் பட்டம் அத்தோடு போயிற்று. யுவஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள்.

"என் கவனக்குறைவு, சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

திருத்தித் தரச் சொல்லிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பாவாத்தாள் விறுவிறுவென்று போய்ப் பேராசிரியரைக் கும்பிட்டாள்.

"உங்களாலதானுங்க எம்புள்ள டாக்டராயிட்டா."

"நானென்னங்கம்மா பண்ணுனேன்? உங்க புள்ள தப்பு ஒண்ணு பண்ணிப்போட்டா. ஆனா எல்லாரு முன்னாலயும் ஒத்துக்கிட்டா பாருங்க, அது நீங்க வளத்தின வளப்புங்க."

கூச்சமே இல்லாமல் சொன்னார், பாவி.

பாவாத்தாள் முகம் பூரித்துப்போனது. திரும்பி வந்து மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"தப்பு பண்ணுனாலும் மறைக்கலையே அம்மணி, எனக்கு அது போதும்."

யுவஸ்ரீ ஆமாம் என்று தலையாட்டினாள்.