நாற்பத்தொன்றாம் எலியின் ஈரல்

விதைக்குப் பூசும் புதிய மருந்து ஒன்றை எலிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்திருந்தார்கள். இரண்டு எலிகளுக்கு ஈரலில் புற்று வந்திருந்தது. மூன்றாவதாக ஒன்றுக்கும் வந்திருந்தால் மருந்து அத்தோடு சரி. இல்லையென்றால் கடைக்கு வந்துவிடும். எல்லாம் நாற்பத்தொன்றாம் எலியின் கட்டியில் வந்து நின்றது.

கட்டியை மெல்லிசாகச் சீவி வைத்த கண்ணாடி ஸ்லைடை முதலில் பார்த்த டாக்டர் புற்று என்று எழுதினாள். சரிபார்த்த டாக்டர் சாதாரணக் கட்டி என்றார். அவர் அவள் கணவர். வீட்டில் ஸ்லைடைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது ஆய்வகத்தின் விதி. அந்தப் பேச்சு எங்கே வாயில் வந்துவிடுமோ என்று, சாப்பிடும்போது உப்பைக்கூடச் சைகையில்தான் கேட்டுக்கொண்டார்கள்.

இன்று இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தார்கள். ஒரே முடிவோடுதான் எழுந்திருக்க வேண்டும்.

"இங்க பாருங்க. செல்லு அஞ்சாறு அடுக்கா இருக்கு. நல்ல ஈரல்ல இப்படி இருக்குமா?"

"ஓரத்தைப் பாரு. பக்கத்துல இருக்கறதை நசுக்குது, ஆனா எங்கயும் உள்ள நுழையல. பஸ்ல காலை அகட்டி உக்காந்திருக்கவன் மாதிரி. தொல்லைதான், திருடன் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. ஓரம் கோடு போட்டதுபோலத்தான் இருந்தது. சாய்வாக வெட்டுப்பட்டதால் அடுக்குகள் தடிப்பாகத் தெரிகின்றனவோ?

"நீங்க சொல்றதுதான் சரி. சாதாரணக் கட்டிதான்."

அவர் ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"நீ சொன்னதுலேருந்து அந்த அடுக்குதான் கண்ணுல நிக்குது. ரெண்டா பிரியற செல்லும் நிறைய இருக்கு. இது புற்றுதான்."

"இப்பதானே இல்லேன்னீங்க?"

"நீயும் இப்பதானே ஆமான்ன?"

மறுபடி குனிந்தார்கள். இளஞ்சிவப்பும் நீலமுமாக அதே செல்கள்தான். ஒரு நிமிடம் புற்று, மறுநிமிடம் இல்லை. மற்ற இரண்டு எலிகளையும் இதே கண்கள்தானே பார்த்தன?

ஆய்வக இயக்குநர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஒரு முடிவுக்கு வந்தாச்சா?"

"இல்ல சார். வெளியாள் யாருக்காவது அனுப்பிடுங்க," என்றாள். "மூணு எலியையும்."

கணவர் நிமிர்ந்தார். "மூணையுமா? அந்த ரெண்டுலயும் நாம ஒரே மாதிரிதானே சொன்னோம்?"

"அதான் பயமா இருக்கு."