மெத்தை குடித்த புகை

ஆடி மாதம் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இறங்கி அமர்ந்துவிட்டது. கதிரவன் எழுந்ததும் தெரியவில்லை; வீழ்ந்ததும் தெரியவில்லை. முகடுகளைப் போர்த்த மூடுபனி மெல்லச் சரிந்து, தேயிலை நிரைகளை விழுங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைமேல் ஈரமாய்ப் படிந்தது. துவைத்த துணி துவைத்தபடியே கொடியில் கிடக்கும் காலம் அது.

அந்தக் காலத்தில்தான் பவளராணிக்கு ஒரு சோபா மெத்தையை உலர்த்தியாக வேண்டியிருந்தது.

பக்கத்து அறை மின்கம்பி பற்றி எரிந்தபோது, அங்கே காய்ச்சலில் கிடந்த அண்டைவீட்டுப் பழனியாண்டியை அவள் கணவன் செல்லசாமி தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தான். தீ சுவரோடு நின்றது; புகை நிற்கவில்லை. சோபாவின் பஞ்சுக்குள் புகுந்ததுபோலவே செல்லசாமியின் நெஞ்சுக்குள்ளும் புகுந்தது. வெள்ளிக்கிழமை அவனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். படுத்தால் மூச்சு முட்டும், சாய்ந்தே உறங்கவேண்டும், புகைவாடை ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சாய்ந்துறங்க வீட்டில் இருந்தது அந்தச் சோபா ஒன்றுதான்.

உறையைக் கழற்றி வெந்நீரில் துவைத்தாள். மெத்தையில் அப்பச்சோடா தூவித் தட்டினாள். வினாகிரிக் காடி கலந்த நீரால் துடைத்தாள். வாடை சற்றே தணிந்தது. ஈரமோ போகவில்லை.

பழனியாண்டி வாசலில் எட்டிப் பார்த்தார். "என்னா தங்கச்சி, மெத்தைக்கும் சீக்கா? அடுப்புக்கு மேல கட்டிவிடு. கருவாடே காயுது, இது காயாதா?"

மழைக்காலத்தில் அந்த லயத்தில் கம்பளியும் விறகும் பள்ளிச் சீருடையும் அடுப்பின்மேல்தான் காய்ந்தன. பழக்கம் அவள் கையை நடத்தியது; மெத்தையையும் விறகடுப்பின் மேலேயே கட்டினாள். காலையில் மெத்தை உலர்ந்திருந்தது. முகம் புதைத்து மோந்தாள். தீப்பிடித்த நாளின் வாடை முழுதும் திரும்பி வந்து கண்ணைக் கரித்தது.

"கருவாடு காஞ்சிருச்சுண்ணே" என்றாள், வாசலுக்கு வந்த பழனியாண்டியிடம்.

அவரும் மோந்து பார்த்துத் தலைகுனிந்தார். "அவன் அங்க கெடக்குறது என்னால. இப்ப இதுவும் என்னாலதான்."

"கட்டுனது நாந்தானே. உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

தேயிலைத் தூள் பொட்டலத்தைப் பிரித்த கை அப்படியே நின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் சல்லடை அறையில் அவளுக்கு வேலை. அங்கே பூச்சூடி வரக்கூடாது. வாசனைப் பவுடர் பூசக்கூடாது. எந்த மணத்தையும் தேயிலை குடித்துவிடும் என்று தொழிற்சாலையை மேற்பார்க்கும் டீமேக்கர் ஏசாத நாளில்லை.

பழைய வேட்டியை விரித்துத் தூளைக் கொட்டினாள். தோட்டத்தில் அந்த மாதத்துக்குக் கொடுத்த பொட்டலங்கள் எல்லாவற்றையும் பிரித்தாள்.

"பூராத்தையும் கொட்டுறியே, என்னத்தக் குடிப்ப?"

"சுடுதண்ணி. ஒங்களுக்கும் அதுதான்."

மெத்தையின் மேலும் கீழும் தூளைப் பரப்பி இறுகக் கட்டினாள். அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றிச் சாரலில் நனைந்தபடி சமைத்தாள்.

வெள்ளிக்கிழமை கட்டை அவிழ்த்துத் தூளை உதறி, மெத்தையைச் சோபாவில் போட்டாள். பிறகு செல்லசாமி வந்தான். சோபாவின் விளிம்பில், முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தான். அவன் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள் பவளராணி. ஓர் இருமல் எழுந்தது. அவள் கை சேலைத் தலைப்பைப் பற்றியது. இருமல் தொடரவில்லை. அவன் மெல்லச் சாய்ந்தான்.

"தூளு நெடி அடிக்குது. ஒன் சல்லடைக் காம்பராவுக்கே கூட்டியாந்துட்டாங்களோன்னு பாத்தேன்."

அவள் சிரிக்க முயன்றாள். சோபாவின் இடக்கைப் பிடியில் வாடை இன்னும் இருப்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்; கையை அதிலிருந்து மடிக்கு எடுத்துக்கொண்டான்.

முருகன் படத்தின்முன் அன்று அவள் விளக்கேற்றவில்லை, சூடம் கொளுத்தவில்லை. திருநீற்றைக் கிள்ளி, ஒரு துகளும் பறக்காதபடி நீரில் குழைத்தாள். ஐந்தெழுத்தை வாய்க்குள் சொல்லி, அவன் நெற்றியில் ஈரமாய் மூன்று கீற்று இட்டாள். அவன் கண்களை மூடினான்.

வாசலில் நின்ற பழனியாண்டி உள்ளே வரவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"ஒரு கொறையும் வராது தம்பி. எம் மூச்சையும் சேத்து வாங்கி நீ நல்லா இரு."