பட்டன் சோபாவுக்கு எந்தத் துணி?

கூடத்தின் நடுவே சோபா தோலை உரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. வெறும் மரச்சட்டம், குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை, முதுகுப் பக்கத்தில் புதிதாக ஒட்டிய மஞ்சள் ஃபோம். அந்த ஃபோமில் குஷன் கடைக்காரர் வரிசையாகத் துளை போட்டு வைத்திருந்தார், எண்ணி முப்பத்தெட்டு. ஒவ்வொரு துளையிலும் ஒரு பட்டனை உள்ளே இழுத்துக் கட்டினால்தான் முதுகு மெத்து மெத்தென்று குழி குழியாக வரும். பட்டனுக்கும் அதே துணியைத்தான் போர்த்த வேண்டும். துணி எதுவென்று தெரியாமல் ஒரு பட்டன்கூடச் செய்ய முடியாது. வேலை அப்படியே நின்றுபோய் இருபத்தாறு நாளாகிவிட்டது.

துணி எதுவென்று சொல்ல வேண்டிய வீட்டுக்காரரோ திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சரி சார். யார் சொன்னாலும் சரி, எதைச் சொன்னாலும் சரி, அவர் பதில் ‘சரி’தான். மேலாளர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் சரி. லாரிக்காரர் இன்றைக்கு வண்டி வராது என்றாலும் சரி. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு அவரிடம் நியாயம் கேட்டு வந்தால் இருவருக்கும் சரி. இப்படியும் ஒரு மனுஷனா என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல மனுஷன்தான் ஐயா, யாரிடமும் ஒரு வம்பு தும்புக்குப் போகாதவர். என்ன, எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் வாய் தானாகச் சரி சொல்லிவிடும். காது அதற்குப் பிறகு சாவகாசமாக வந்து சேரும், சில நாள் வராமலும் போகும்.

வீட்டிலும் அதே கதைதான். திரைச்சீலை, தட்டு முட்டுச் சாமான், அவருடைய சட்டை, அவருடைய செருப்பு, எல்லாம் மனைவியின் தேர்வு. பழைய பட்டன் சோபாவைப் பிரித்துப் புதுத் துணி போட வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. குஷன் கடைக்கு நாலு நடை நடந்து, மூன்று மாதிரித் துணிகளை வாங்கி வந்தாள். அன்று சாப்பாட்டு மேஜையில் அவற்றை விரித்துப் போட்டு அவரிடம் வெகுநேரம் ஏதோ சொன்னாள். அவருக்கு டிவியில் பந்தயத்தின் கடைசி ஓவர். “சரி” என்றார். அப்படிச் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதற்குச் சொன்னார் என்பதுதான் நினைவில்லை.

மறுநாள் காலை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். பதினெட்டு நாள் மருத்துவமனை. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது.

“சரி” என்றாள்.

அவர் குழந்தை மாதிரி துள்ளிக் குதித்தார். டாக்டரம்மா அவரைத் தனியே அழைத்துப் போய் உட்கார வைத்தார்.

“அவங்களுக்கு எல்லாம் புரியுதுங்க. ஆனா சொல்ல நினைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. இப்போதைக்கு எதுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வரும். வேணும்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. தலையாட்டுறதையும் நம்பாதீங்க, அதுவும் மாறி மாறி வரும்.”

“எப்ப சரியாகும்?”

“சொல்ல முடியாதுங்க. ஆகலாம், ஆகாமலும் போகலாம்.”

வீட்டுக்கு வந்து எட்டு நாளாயிற்று. கைப்பிடி வைத்த, முதுகு நிமிர்ந்த, அழுத்தமான இருக்கையில் தினமும் உட்கார வைத்துப் பழக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அப்படி இருந்தது அந்தச் சோபா ஒன்றுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால் அவள் மெல்ல மெல்ல வலது பக்கம் சரிந்தாள். தலையணைகளை அண்டக் கொடுத்து அவர் பக்கத்திலேயே நின்றார். அவளுடைய ஆசைச் சோபாவை அவள் ஆசைப்பட்ட துணியில் முடித்து, அதில் அவளை உட்கார வைத்துவிட வேண்டும். அவரால் முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தார். அதுவாவது முடியுமா என்று பார்த்தால், அதற்கும் அவளிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

மூன்று துண்டுகளையும் காட்டிப் பார்த்தார்.

“பச்சை வெல்வெட்டா? இதைத்தானே சொன்னே?”

“சரி.”

“செங்கல் கலரா?”

“சரி.”

“இந்த நீலப்பூ?”

“சரி.”

மண்டை காய்ந்துபோய், அடுக்களையில் மேஜை துடைக்கும் கந்தலை எடுத்து வந்து, “இதுவா?” என்றார்.

“சரி” என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் ஓரம் நனைந்திருந்தது. அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கந்தலைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்.

அன்று சனிக்கிழமை. காலையிலேயே மச்சினி பையும் கையுமாக வந்து இறங்கினாள். மனைவியின் தங்கை. அக்காவுக்கு நேரெதிர், வாய் ஓயாது. வந்ததும் வராததுமாக அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள், ஜன்னலைத் திறந்தாள், மாமாவின் சமையலைத் திட்டினாள். அவள் பின்னாலேயே குஷன் கடைக்காரரும் வந்துவிட்டார், காதில் பென்சில், கழுத்தில் அளவு நாடா.

“சார், இன்னிக்கு எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். மூணு ரோலையும் ஒரு மாசமா யாருக்கும் கொடுக்காம பிடிச்சு வச்சிருக்கேன். சாயங்காலத்துக்கு மேல முடியாது.”

“நீங்களே ஏதாவது ஒண்ணு...”

“ஐயையோ, அந்த வம்பே வேணாம் சார். பட்டன் வேலைக்கு ஒண்ணரை மடங்கு துணி போகும். வெட்டுனா வெட்டுனதுதான். பச்சை வெல்வெட்டு பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனா கை பட்ட இடமெல்லாம் தடம் தெரியும். செங்கல் கலர் உழைக்கும், மடிப்பு அவ்வளவா உட்காராது. நீலத்துல, பட்டனை இழுத்தா பாதிப் பூ மடிப்புக்குள்ள போயிடும். நான் வேணாம்னேன், அம்மாதான் இருக்கட்டும்னு வாங்கிட்டுப் போனாங்க.”

“பேசாம ரெக்ஸின் போடுங்க, துடைச்சா போச்சு” என்றாள் மச்சினி.

“அவ ஒண்ணை முடிவு பண்ணி வச்சிருந்தாம்மா” என்றார் அவர். கையைப் பிசைந்துகொண்டார். “எங்கிட்ட சொன்னா. நானும் சரின்னேன். எதைன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது. எட்டு நாளா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருக்கேன்.”

மச்சினி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு குபீரென்று சிரித்துவிட்டாள்.

“அட கடவுளே! மாமா, அக்கா எதையும் சொல்லலை. அக்கா உங்களைக் கேட்டா!”

“என்ன கேட்டா?”

“அன்னிக்கே எனக்கு போன் பண்ணி விழுந்து விழுந்து சிரிச்சா. ‘மூணையும் முன்னால விரிச்சு, இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு கேட்டேன்டி. சரிங்குறாருடி!’ன்னா. ‘இருபத்திரண்டு வருஷமா எல்லாத்தையும் நானே எடுக்கிறேன், ரெண்டு பேரும் உட்காரப் போறது, இது ஒண்ணாவது அவரு வாயால வரட்டும்னு பார்த்தேன். நாளைக்கு மறுபடியும் கேட்கணும்’னா...”

நாளைக்கு என்ற இடத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குஷன் கடைக்காரர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார், சுருட்டியதையே மறுபடி அவிழ்த்துச் சுருட்டினார்.

வீட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எது என்று கேட்டவளுக்குச் சரி என்று பதில் சொல்லியிருக்கிறார். இந்தக் கூத்தை உலகத்தில் வேறு யாராவது பண்ணியிருப்பார்களா? இல்லாத ஒரு பதிலை எட்டு நாளாக அவளிடமே தோண்டித் தோண்டிக் கேட்டு, கந்தலை வேறு கொண்டுபோய் நீட்டி, அழவும் வைத்தாயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்று துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் அவள் நாற்காலி முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் மடியில் விரித்தார்.

“நீ என்னைத்தான் கேட்டியா?”

அவள் அவரையே பார்த்தாள். இடது கையைத் தூக்கி, ஒவ்வொரு துண்டாக அவர் பக்கம் தள்ளினாள். பச்சை, செங்கல், நீலப்பூ. தள்ளி முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

“சரி?” என்றாள்.

அதே சொல்தான். ஆனால் கடைசியில் மேலே தூக்கி, கேள்வியாக வந்தது. கதவோரம் நின்ற குஷன் கடைக்காரருக்கே புரிந்தது. காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இதைவிட எளிதாக ஒரு மனுஷனை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. மூன்றில் ஒன்று. விரலை நீட்டினால் போதும். அவர் குனிந்து பார்த்தார். பச்சை நன்றாகத்தான் இருந்தது. செங்கல் நிறமும் நன்றாக இருந்தது. நீலப்பூவிலும் ஒரு குறையும் இல்லை. எது எனக்குப் பிடிக்கும் என்று உள்ளே தேடிப் பார்த்தார். உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை. விருந்துக்குப் போன இடத்தில், “அவருக்குக் கத்திரிக்காய் ஆகாது, வைக்காதீங்க” என்று அவள் சொன்ன பிறகுதான் தனக்குக் கத்திரிக்காய் ஆகாது என்பதே அவருக்குத் தெரியும். “அவருக்கு வெளிர் நிறம்தான் பிடிக்கும்” என்று கடைகளில் சொல்வாள். சோபாவுக்கும் அப்படித்தானா? இந்த மூன்றில் வெளிர் நிறம் எது? நாற்பத்தொன்பது வயதில், மூன்று துணித் துண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சொல்லுங்க மாமா” என்றாள் மச்சினி மெதுவாக.

அவர் மனைவியின் விழுந்த கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“எனக்கு எது பிடிக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? அது உனக்குத்தானே தெரியும்” என்றார். “நீ சொல்லேன்.”

அவள் கண் அவர் முகத்தைவிட்டு இறங்கி, மூன்று துணிகளின்மேல் நடந்து, ஒன்றில் போய் நின்றது. எதில் என்று அவர் பார்ப்பதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வியர்வை அரும்பியது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

“சரி” என்றாள்.