பதினேழாம் வாசகி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. பார்க்கக் கூடாத ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன், அழிக்கிறேன், விடுதி மொட்டைமாடியில் மேலும் கீழும் நடக்கிறேன், வந்து மறுபடி எழுதுகிறேன்.

தொடக்கத்துக்கு இதுவரை நான்கு வரிகள் போட்டுப் பார்த்தாயிற்று.

"ருக்மணி அந்தப் பட்டனை அழுத்தினாள்." (கதையை நடுவிலிருந்து தொடங்கு என்று யாரோ சொல்லிக்கொடுத்தது. வேண்டாம்.)

"ஏர்பேட்டில் அன்றைக்கு நல்ல வெயில்" (ஏர்பேட்டில் என்றைக்குத்தான் வெயில் இல்லை?)

"என் அக்கா படிக்கப் போகவில்லை. அவளுக்கே இஷ்டமில்லை." (எங்கள் வீட்டில் ஆறு வருடமாகச் சொல்லிவரும் வாக்கியம் இது. பொய் என்று இப்போது தெரியும். ஆனாலும் கை தானாக இதைத்தான் எழுதுகிறது.)

நான்காவது வரியை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

2

நான் அகிலா. சித்தூர்க்காரி. திருப்பதியிலிருந்து ஏர்பேடு தாண்டி ஒரு கல்லூரியில் முதுகலை கடைசிப் பருவம் படிக்கிறேன். கணினி அறிவியலையும் கலையையும் வடிவமைப்பையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய படிப்பு. கணினித் துறைக்காரர்கள் எங்களைப் "படம் போடறவங்க" என்பார்கள். ஓவியம் படித்துவிட்டு வந்தவர்கள் "புரோகிராம் தட்டறவங்க" என்பார்கள். சித்தூர் மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் நைனா (அப்பா) முனிகிருஷ்ணன் அந்த வம்புக்கே போவதில்லை. யார் கேட்டாலும், "பெரிய கம்ப்யூட்டர் படிப்பு" என்று முடித்துவிடுவார்.

பள்ளிக்கூடம் தெலுங்கில், கல்லூரி ஆங்கிலத்தில், சண்டை மட்டும் தமிழில் என்று வளர்ந்த வீடு எங்களுடையது. நான் தமிழில் எழுத உட்கார்ந்தேன் என்றால் உள்ளே ஒரு சண்டை இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வாரம் வகுப்பில் எங்கள் பேராசிரியர் கோவர்த்தனன் ஒரு பழைய மாணவியைப் பற்றிச் சொன்னார். மாணவி என்றுகூடச் சொல்ல முடியாது, வந்தால்தானே மாணவி. ஒரு வருடம் முழுக்கத் தன் தெருவில் எந்த வீட்டுக்கு எப்போது கரண்ட் போனது, எந்த வீட்டுக்கு முதலில் திரும்பி வந்தது என்று குறித்துவைத்து, அதை ஒரே நீளப் படமாக வரைகிற புரோகிராமை எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்தாளாம். வீட்டுக்கு ஒரு கோடு. கரண்ட் போனால் கோடு கறுக்கும். தெருவில் ஒரே ஒரு கோடு மட்டும் வருடம் பூராவும் கறுக்கவே இல்லை. அது கவுன்சிலர் வீடு. "அந்த வருஷம் முதல் இடம் அந்தப் பொண்ணுக்குத்தான். வரவே இல்லை. ஏன்னு இன்னும் தெரியலை," என்றார் சார்.

எனக்குத் தெரியும். அது எங்கள் தெரு. அந்தப் பெண் என் அக்கா ருக்மணி. கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

3

படிப்பு முடிய ஆளுக்கொரு படைப்பு கொடுத்தாக வேண்டும். நான் கைபேசியில் படிக்கும் ஒரு கதையைச் செய்தேன். அங்கங்கே வாசகர் பட்டனை அழுத்தித் திசை சொல்வார், கதை அந்தப் பக்கம் கிளை பிரிந்து போகும். படமும் நானே, புரோகிராமும் நானே.

கதை இதுதான். மாதவிக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைக்கிறது. அதே மாதம் அவள் அம்மா பக்கவாதத்தில் விழுகிறாள்.* வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி வீட்டோடு இருந்தாக வேண்டும். திரையில் ஒரு கேள்வி வரும்: "மாதவி, நீ போகிறாயா, இருக்கிறாயா?" கீழே இரண்டு பட்டன். போகிறேன். இருக்கிறேன்.

(ருக்மணியை மாதவி ஆக்கிவிட்டால் கற்பனை ஆகிவிடும் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.)

"இருக்கிறேன்" கிளை நாற்பத்திரண்டு திரைகளுக்கு ஓடும். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி கடைவாயில் வழிவது, இரண்டரை வருடம் கழித்து அம்மா போய்ச்சேர்வது, பிறகு மாதவியின் கல்யாணம், எல்லாம் உண்டு. எழுதும்போது அழுதேன். நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமும் பட்டேன். அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

"போகிறேன்" அழுத்தினால் வெள்ளைத் திரை. அதில் ஒரு வரி: "இந்தப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை."

அம்மா விழுந்துகிடக்கும்போது அந்தப் பட்டனை யார் அழுத்தப்போகிறார்கள் என்று விட்டுவைத்தேன்.

* எங்கள் அம்மாவின் பெயர் நாகம்மா. கதையில் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை.

4

முப்பது பேருக்குச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஆளுக்கொரு எண். எந்த எண் எதை அழுத்தியது, எந்தத் திரையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பதிவாகும். "உங்கள் பெயர் எங்கும் இருக்காது, நீங்கள் யார் என்று யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று முதல் திரையில் நானே எழுதியிருந்தேன். பெயர் இல்லைதான். ஆனால் பதினேழாம் எண்ணை யாருக்கு அனுப்பினேன் என்பது என் மண்டைக்குள் இருந்ததே, அதை என்ன செய்ய?

பதினேழாம் வாசகி மூன்று நாள் படித்திருக்கிறாள். மூன்று நாளும் பிற்பகல் இரண்டு மணிக்குமேல். பிச்சாட்டூரில் என் அக்காவின் இரண்டு வயது மகள் தூங்கும் நேரம் அது.

போகிறேன். வெள்ளைத் திரை. பின்னால் வந்து மறுபடி போகிறேன். வெள்ளைத் திரை. மூன்று நாளில் பதினோரு முறை. "இருக்கிறேன்" ஒரு முறைகூட இல்லை. நான் அழுது அழுது எழுதிய நாற்பத்திரண்டு திரையில் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை!

கடைசித் தடவை கேள்வித் திரையிலேயே பதினான்கு நிமிடம் நின்றிருக்கிறாள். (போனை வைத்துவிட்டுப் பாப்பாவைப் பார்க்கப் போயிருப்பாளோ? இல்லை. திரை அணையாமல் நடுநடுவே தொட்டிருக்கிறாள். அதுவும் பதிவாகும்.) "தயக்கம்" என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா போக ஆசைப்பட்டிருக்கிறாள். இன்னும் ஆசைப்படுகிறாள். இந்த வருட விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வயது வரம்பு கிடையாது. முப்பத்தொரு வயதில் அவள் இங்கே வந்து உட்காரலாம், கோவர்த்தனன் சாரை வாய் பிளக்கவைக்கலாம். வருவாளா மாட்டாளா? இந்தக் கதையில் எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

5

சார் வேறு உயிரை எடுக்கிறார். திங்கட்கிழமை மதிப்பீடு. முடியாத கிளை ஒன்று இருந்தாலும் படைப்பு முடியவில்லை என்றுதான் கணக்கு.

எழுதிப் பார்த்தேன்.

அ. மாதவி போகிறாள். முதல் நாள் வகுப்பில் (அம்மாவுக்கு அங்கே கஞ்சி கொடுப்பது யார்?)

ஆ. மாதவி போகிறாள். மூன்றாம் வருட எஞ்சினியரிங்கில் இருந்த தங்கை படிப்பை நிறுத்திவிட்டுச் சித்தூருக்கு

இ. மாதவி போகிறாள். தங்கை

ஒவ்வொரு தடவையும் அங்கேயே கை நிற்கிறது. அந்தக் கிளையில் தங்கைதான் படுக்கைத் துணி துவைக்கிறாள். பட்டம் வாங்கவில்லை, ஏர்பேட்டுக்கு வரவில்லை. அப்படியென்றால் அந்தக் கிளையை எழுதுவதற்கு ஆளே இல்லை!

இதைச் சாரிடம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இன்ட்ரஸ்டிங்! இதை அப்படியே ஆய்வுக்குறிப்பில் எழுதிடு," என்றார். இன்ட்ரஸ்டிங்காம். அந்தப் பக்கத்தை நான் மறந்துபோய் விட்டுவைக்கவில்லை. பயந்து விட்டுவைத்திருக்கிறேன்.

6

இன்றைக்கு எழுதவில்லை. விடுதியில் தண்ணீரும் வரவில்லை.

(பொய். எழுதினேன். அக்காவின் கணவர் சுரேஷ்பாபுவைக் கெட்டவராக்கி இரண்டு பக்கம். "பொம்பளைக்கு என்ன படிப்பு" என்று அவர் உறுமுகிறார். அவர் உறுமிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும், பழியும் என்மேல் வராது. ஆனால் பிச்சாட்டூரில் கேன் தண்ணீர் வியாபாரம் செய்யும் அந்த மனுஷர் நாய் குரைத்தால்கூட அதற்குச் சமாதானம் சொல்கிறவர். இரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டேன்.)

7

(இது வியாழக்கிழமை போய்வந்த பிறகு எழுதியது.)

புத்தூரில் பஸ் மாறிப் பிச்சாட்டூர் போய் இறங்கும்போது மணி நான்கு. கதவைத் திறந்தது சுரேஷ்பாபு மாமாதான்.

"ரா அகிலா! போன்கூட பண்ணாம வந்துக்கினு கீற? துன்னியா எதுனா?"

"ஆச்சு மாமா."

என் மூஞ்சியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சரி, அக்கா தங்கச்சி பேசிக்கினு இருங்க. நான் பாப்பாவுக்கு டேம் காட்டிட்டு வரேன்," என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். (பாருங்கள், நான் வில்லனாக்கப் பார்த்த ஆளை.)

அக்கா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலேயே இந்த இடத்தை எழுதிவைத்திருந்தேன்: நான் சொல்வேன், அவள் உடைந்து அழுவாள், நான் கட்டிக்கொள்வேன்.

"அக்கா, நான் பாத்துட்டேன்."

"இன்னாத்த?"

"போறேன்னு பதினோரு வாட்டி அமுக்கியிருக்க."

அவள் கை நின்றது. அழவில்லை.

"எட்டிப் பாத்துக்கினு இருந்தியாடி? யாரும் பாக்கமாட்டாங்கன்னு மொத பக்கத்துலயே போட்டிருந்தியே!"

"பேரு இல்லக்கா, வெறும் நம்பர்தான்"

"அடி செருப்பால! நம்பராம்!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடாமல் கடைசித் தேதியைச் சொன்னேன், சார் இன்னமும் அவள் படத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று சொன்னேன், விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்துவிடுகிறேன் என்றேன். "அந்த வெள்ளைப் பக்கத்த இன்னிக்கே எழுதிடறேன்க்கா. நீ போற மாதிரி. நல்லா எழுதறேன். நீ பதினாலு நிமிஷம் தயங்கி நின்னத பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல."

"தயங்கினேன்னு யார் சொன்னா?"

"அந்தக் கேள்வியிலயே நின்னுட்ட இல்ல?"

"தயங்கல. படிச்சுக்கினு இருந்தேன்."

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ரெண்டு பட்டன் வச்சிருக்க. அன்னிக்கு எனக்கு எங்கடி ரெண்டு பட்டன் இருந்துச்சி? ஆஸ்பத்திரில இருந்து நைனா உனக்குப் போன் பண்ணாரே, 'நீ படிப்ப பாரு அகிலா, வீட்ல அக்கா கீறா'ன்னு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். என்ன யாரும் கேக்கல. நைனா கேக்கல. நீயும் கேக்கல. கேட்டிருந்தா இருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன், அம்மா ஆச்சே. ஆனா கேக்கல."

நான் ஒரு குட்டிச் சட்டையை எடுத்து மடிக்கப் பார்த்தேன்.

"உன் கதைல அவள கேக்கறாங்க. போறியா, இருக்கியான்னு. அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தேன். அப்படி கேட்டா எப்படி இருக்கும்னு பாத்துக்கினு இருந்தேன். ஆசைக்கு ஒரு வாட்டி போறேன்னு சொல்லிப் பாப்போமேன்னு அமுக்கினா, உன் பக்கம் வெத்தா வருது."

8

திங்கட்கிழமை மதிப்பீட்டில் என் படைப்பில் பட்டனே இல்லை. நாற்பத்திரண்டு திரையையும் எடுத்துவிட்டேன். கேள்வி மட்டும் இருந்தது, அதன் கீழே வாசகர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள இடம் இருந்தது.

"இங்க எழுதறது எங்க பதிவாகுது?" என்றார் கோவர்த்தனன் சார்.

"எங்கயும் இல்ல சார்."

"அப்ப இதுல ஆய்வு எங்கம்மா இருக்கு?"

இன்னொரு பருவம் உட்கார்ந்து வேறு படைப்பு செய்யச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் அவரை நிறுத்தி, கரண்ட் படம் போட்ட பெண் என் அக்கா என்று சொன்னேன். "இந்த வருஷம் விண்ணப்பம் போட்டாங்களா?" என்றார். அலுவலகப் பட்டியலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என் வாயால் வராது.

9

ஏழாம் பகுதியை நான் முழுசாக எழுதவில்லை. "வெத்தா வருது" என்று அவள் சொன்னதோடு நிறுத்திவிட்டேன். பிறகும் கொஞ்சம் நடந்தது.

போனாளா இல்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உங்களுக்காக மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அவள் வருகிறாள், பாப்பாவை மாமா பார்த்துக்கொள்கிறார். ஒன்றில் வர இஷ்டமில்லை என்கிறாள், அது நிஜமாகவே அவள் இஷ்டம். மூன்றாவதில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறாள். மூன்றும் படிக்க நன்றாகத்தான் இருந்தன. உங்களுக்கு எது பிடிக்கிறதோ வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவற்றில் ஒன்றுகூட ருக்மணியுடையது கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். அவள் சொல்லி முடித்த பிறகு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன், அதிலும் நான்தான் பெரிதாகத் தெரிவேன் என்று பட்டது. ஆறு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்டேன்.

"அக்கா, நீ போறியா?"

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டேன்.

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இப்பவாவது கேட்டியே," என்றாள்.

பிறகு பதில் சொன்னாள். நான் அதை எங்கேயும் எழுதிவைக்கவில்லை.