ஒரே ஒரு பிள்ளை குடித்த பாட்டில்கள்

ரஃபீக்காவுக்கு ஏழாம் மாதம். அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். மூத்தவள் இனேஸ் குடித்த பாட்டில்கள், நிப்பிள்கள், தாய்ப்பால் எடுக்கும் பம்ப். எல்லாவற்றையும் கொதிக்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நிப்பிள்கள் பிசுபிசுத்தன, ஒன்றில் மயிரிழை வெடிப்பு. பம்பின் குழாய்க்குள், பிரஷ் எட்டாத இடத்தில், கடுகளவு கறுப்புப் புள்ளிகள்.

"நம்ம பிள்ளைக்கு இது வேணாம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்றான் கணவன் மொஞ்சி.

புதுசு வாங்கினாள். பழையதைத் தூக்கிப் போடத்தான் மனம் வரவில்லை. கீழ்வீட்டு ஹயாத்துக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். அவள் கணவன் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து மீன்பிடிப் படகில் போகிறவன். பெட்டியை ஒரு பூப்போட்ட துணியில் கட்டி ரஃபீக்கா கீழே கொண்டுபோனாள்.

"ஒரே ஒரு பிள்ளைதான் குடிச்சுது. புதுசு மாதிரிதான் இருக்கு."

"அப்போ உங்களுக்கு வேணாமாக்கா?"

"எங்கிட்ட இன்னொரு செட் இருக்கு. இதே மாதிரிதான், இனேஸோடது."

அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று படியேறும்போது யோசித்தாள். ஹயாத் முத்தமிட்ட இரண்டு கன்னங்களும் எரிந்தன.

ஹயாத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மூன்றாவது வாரம், பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"அக்கா, பிள்ளை வாயெல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சுபோச்சு. இப்ப மருந்து போட்டு சரியாயிடுச்சு. நர்ஸ் அந்தச் சாமானையெல்லாம் பாத்துட்டு, குழாய்க்குள்ள பூஞ்சை, இதுல இனிமே குடுக்காதேன்னாங்க. எனக்கு உடனே உங்க ஞாபகம்தான். உங்ககிட்ட இருக்கறதும் அதே பழசுதானே. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

தலைத்துணி முடிச்சிலிருந்து இரண்டு புது நிப்பிள்களை எடுத்து நீட்டினாள். "உங்க பிள்ளைக்குத்தான். வேற எதையும் மாத்தாட்டியும் இதையாவது மாத்திடுங்க."

ரஃபீக்கா கை நீட்டவில்லை. அவளுக்குப் பின்னால், சமையல் மேடையில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுப் பம்பும் ஆறு பாட்டில்களும் வரிசையாக நின்றன. ஹயாத்தின் கண் அங்கே போயிற்று. அப்படியே நின்றுவிட்டது.

"தெரியும் எனக்கு" என்றாள் ரஃபீக்கா. "குழாய்க்குள்ள இருந்ததைப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

ஹயாத் பிள்ளையின் தலையைத் துணியால் மூடினாள். ஏசுவாள் என்று ரஃபீக்கா காத்திருந்தாள். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. பாட்டிலை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தைப் போட்டிருப்பேன். அவ்வளவுதானே" என்றாள் ஹயாத்.

நிப்பிள்களை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் ரஃபீக்கா புதுப் பம்பைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். ஹயாத் கதவைத் திறந்தாள், வாங்கவில்லை. "என் அக்கா ஒண்ணு அனுப்பியிருக்கா" என்றாள். உண்மையோ பொய்யோ தெரியவில்லை. கேட்கிற தகுதியும் தனக்கு இல்லை என்று ரஃபீக்கா நினைத்தாள்.

அவளுக்கும் பிள்ளை பிறந்து ஏழாம் நாள், அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஹயாத்தும் வந்தாள். வாழ்த்தினாள், இனிப்பைக் கொஞ்சம் தின்றாள். பிள்ளைக்குப் பால் புகட்டும் நேரம் வந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரஃபீக்கா பாட்டிலைத் துணிக்குள் மறைத்துப் பிடித்தாள்.